‘ஆயின்’, ‘இல்லையேல்’: நிரலில் வரும் மூவுறுப்பு நிபந்தனைக் கோவை

(வெள்ளி விழாவை ஒட்டி இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுமாறுதான் செயலாளர் அவர்கள் நம்மை முதலில் பணித்தார்கள். அப்பொருளைப் பேச நம்மினும் வல்லவர் பலர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். ஆதலின் நாம் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்ள இசைவு கேட்டுப் பெற்றோம். ஒரு கேள்விக்குறி, ஒரு முக்காற்புள்ளி. இவ்விரண்டு குறிகளைப் பற்றியதே இவ்வுரை. இவை நம் மாலைப் பயிலகத்தில் ஒருநாள் பதினொரு பிள்ளைகளுக்குச் செய்த தீங்கினை இடையிலே கூறுவோம்.

நாம் பயின்றது வரலாறு, பின்னர்க் கல்வியியல். கணிப்பொறியை ஐம்பதை நெருங்கும் அகவையில், நம்மிடம் பயின்ற மாணவர்களிடமிருந்தே கற்றோம். ஆகவே பொறியியல் வல்லுநர் பேசுவது போல் நாம் பேச இயலாது. வகுப்பறையில் பேசுவது போலவே பேசுவோம்.

நம் பயிலகத்தில் கற்பிக்கப்படுவது பி.எச்.பி. என்னும் நிரல்மொழி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர், தம் தன்விவரப் பக்கத்தை எத்தனை பேர் வந்து பார்க்கின்றனர் என்று அறிவதற்காக எழுதிய சிறு நிரல்களாகத் தொடங்கி, 1995-ஆம் ஆண்டில் வெளியுலகிற்கு வந்தது அது. அதே 1995-இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் வடிவத்தை ஆக்கி முடித்த ஜாவாஸ்கிரிப்டும் தோன்றிற்று. இணையப் பக்கங்களை இயக்கும் இவ்விரு மொழிகளும் சி என்னும் பழைய மொழியின் குறியீடுகளைத் தழுவியவை. நாம் பேசவிருக்கும் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் அவ்வழி வந்த சொத்தே.

இயற்கணிதத்தில் ‘கோவை’ என்பதைப் பயின்றிருப்பீர்கள். கோவை ஒன்றைக் கணக்கிட்டால் மதிப்பு ஒன்று கிடைக்கும். மூவுறுப்பு நிபந்தனைக் கோவையும் அத்தகையதே. அதன் முதல் உறுப்பு ஒரு நிபந்தனை. இரண்டாவது, நிபந்தனை மெய்யானால் கிடைக்கும் மதிப்பு. மூன்றாவது, பொய்யானால் கிடைக்கும் மதிப்பு. ஆங்கிலத்தில் இதனை டெர்னரி என்பர். எழுதிக் காட்டுவோம்:

$முடிவு = $மதிப்பெண் >= 35 ? "தேர்ச்சி" : "மறுதேர்வு";

இவ்வரியில் அயல்மொழி எழுத்து ஒன்றேனும் உண்டா என்று பாருங்கள். இல்லை. பி.எச்.பி. மொழியில் மாறிகளின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். டாலர் குறி முன்னே நின்றால் போதும். நண்பர் சிலர் இதனை நம்ப மறுத்தனர். அவர்கள் கண்முன்னே இயக்கிக் காட்டினோம். ‘இஃப்’, ‘எல்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு எழுதினால் இது நான்கைந்து வரிகள் பிடிக்கும். இங்கோ சொற்களின் வேலையை இரண்டு குறிகள் செய்துவிடுகின்றன.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் சொல் நிபந்தனைக்கு முன்னே வரும். தமிழிலோ நிபந்தனையைச் சொல்லி முடித்த பின்னரே ‘ஆயின்’ என்றோ ‘ஆல்’ என்றோ உருபு சேர்க்கிறோம். ‘மழை பெய்தால்’ என்கிறோம்; ‘ஆல் மழை பெய்’ என்று ஒருவரும் கூறுவதில்லை. மேலே எழுதிய வரியைப் பாருங்கள். நிபந்தனை முன்னே நிற்கிறது. கேள்விக்குறி அதன் பின்னே நிற்கிறது. கேள்விக்குறியை ‘ஆயின்’ என்றும், முக்காற்புள்ளியை ‘இல்லையேல்’ என்றும் வாய்விட்டுப் படியுங்கள்: “மதிப்பெண் முப்பத்தைந்தோ அதற்கு மேலோ ஆயின் தேர்ச்சி, இல்லையேல் மறுதேர்வு.” ஒரு சொல்லையும் இடம் மாற்றாமல் தமிழ்த் தொடராகவே அமைந்துவிடுகிறது! ஆங்கிலம் வராது என்று கணிப்பொறி வகுப்பின் கடைசி வரிசையில் அமரும் தம்பிகளுக்கு நாம் முதலில் கற்பிப்பது இவ்வரியைத்தான்.

இலக்கணம் பயின்றவர்களுக்கு வேறொரு வகையிலும் விளக்கலாம். ‘இஃப்’ என்னும் கட்டளைத் தொடர் ஏவல் வினைமுற்றைப் போன்றது. ‘இதைச் செய், இன்றேல் அதைச் செய்’ என்று ஏவும். மூவுறுப்புக் கோவை எதனையும் ஏவுவதில்லை. பெயர்ச்சொல் நிற்கும் இடத்தில் தான் நின்று, ஒரு மதிப்பைத் தரும். ஆகவே அதனை ஒரு மாறிக்குள் இடலாம். வாக்கியத்தின் நடுவே பொதியலாம். மற்றொரு கணக்கின் உறுப்பாக்கலாம். இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர வேண்டிய இடத்தில் இக்கோவை ஏற்றது. இரண்டு செயல்களில் ஒன்றைச் செய்ய வேண்டுமாயின், அதாவது கடிதம் அனுப்பவோ கோப்பினை அழிக்கவோ வேண்டுமாயின், கட்டளைத் தொடரையே எழுதுங்கள். செயல்களை இக்கோவைக்குள் திணிப்பவர் பெயர்ச்சொல்லுக்கு விகுதி சேர்த்து ஏவல் ஆக்க முயல்பவரை ஒப்பர்.

இக்கோவை எவ்வாறு பிறந்தது என்பதும் அறியத்தக்கது. 1957-58-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர், சதுரங்க ஆட்டத்தில் எந்தெந்த நகர்வுகள் விதிப்படி இயலும் என்று காணும் நிரலை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். நிபந்தனையையும் இரண்டு மதிப்புகளையும் கொடுத்தால் ஒன்றைத் தேர்ந்து தரும் சார்பு ஒன்றினை அவர் அமைத்தார். அது வேலை செய்தது. ஆயினும் ஒரு குறை இருந்தது. சார்பினை அழைக்கும்போது, தேவைப்படாத மதிப்பும் சேர்த்தே முன்கூட்டிக் கணக்கிடப்பட்டுவிடும். இதனால் காலம் வீணாயிற்று. நிபந்தனைக்குப் பொருந்திய மதிப்பை மட்டுமே கணக்கிட்டு, மற்றதைத் தொடாமல் விட்டுவிடும் கோவை ஒன்று வேண்டும் என்று அவர் கண்டார். அக்கருத்து அவர் படைத்த லிஸ்ப் மொழியிலும், பின்னர் அல்கால் 60 மொழியிலும் இடம்பெற்றது.

‘மற்றதைத் தொடாமல் விடுவது’ என்றோம். அதன் பயனைப் பயிலகக் கணக்கிலேயே காணலாம். தேர்வு எழுத வந்தோரின் சராசரி மதிப்பெண் வேண்டும். ஒருவருமே வராத நாளில் மொத்தத்தைச் சுழியால் வகுக்க நேரிடும். நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே,

$சராசரி = $வந்தோர் > 0 ? $மொத்தம் / $வந்தோர் : 0;

என்று எழுதுகிறோம். வந்தோர் இல்லையாயின் வகுத்தல் நிகழ்வதே இல்லை. ‘1 மாணவர்’, ‘5 மாணவர்கள்’ என ஒருமை பன்மை பார்த்துப் பக்கத்தில் அச்சிடுவதற்கும் இக்கோவையே கைகொடுக்கிறது.

இனி அந்தப் பதினொரு பிள்ளைகளின் செய்திக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அரையாண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண் பட்டியலை அச்சிடும் பொறுப்பை நம்மிடம் பயின்ற தம்பி ஒருவரிடம் ஒப்படைத்தோம். கெட்டிக்காரர், நாணயமானவர். அவரது பெயர் இங்கு வேண்டா. கல்லூரி வழக்கப்படி 60-ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழ் மூன்றாம் வகுப்பு என்று வகுக்க வேண்டும். அவர் ஒரே வரியில் எழுதினார்:

$வகுப்பு = $மதிப்பெண் >= 60 ? "முதல்" : $மதிப்பெண் >= 50 ? "இரண்டாம்" : "மூன்றாம்";

நீங்களும் படித்துப் பாருங்கள். “அறுபதோ மேலோ ஆயின் முதல்; இல்லையேல், ஐம்பதோ மேலோ ஆயின் இரண்டாம்; இல்லையேல் மூன்றாம்.” குறை ஏதும் தென்படவில்லை அல்லவா? நாமும் மேற்பார்வையிட்டுச் சரி என்றுதான் கூறினோம். தம்பி தம்முடைய பழைய மதிப்பெண்ணையே இட்டுச் சோதித்தார். அது 54. ‘இரண்டாம்’ என்று வந்தது. 38 இட்டார், ‘மூன்றாம்’ என்று வந்தது. மன நிறைவோடு அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார்.

அந்தப் பட்டியலில் முதல் வகுப்பு என்று ஒருவரும் இல்லை.

பட்டியல் ஒரு பகலும் ஓர் இரவும் சுவரில் இருந்தது. மறுநாள் மாலை, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி நம் மேசையருகே வந்து நின்றாள். வெகுநேரம் தயங்கிய பின், “ஐயா, எழுபத்தெட்டு என்றால் முதல் வகுப்பு இல்லையா?” என்று கேட்டாள். நாம் எழுந்து சென்று பட்டியலைப் பார்த்தோம். 78-க்கு எதிரே ‘இரண்டாம்’ என்றிருந்தது. 64-க்கும் அவ்வாறே, 91-க்கும் அவ்வாறே. அறுபதுக்கு மேல் பெற்றவர் 11 பேர். பதினொருவரும் இரண்டாம் வகுப்பில் நின்றனர். அவர்களில் கேட்டவள் அவள் ஒருத்தியே. மற்றப் பத்துப் பேரையும் அழைத்து, ஏன் கேட்கவில்லை என்று வினவினோம். “கணிப்பொறியில் வந்தது, ஐயா” என்றான் ஒருவன். “எங்களுக்கு எங்கே முதல் வகுப்பு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்” என்றான் 91 வாங்கிய பையன். முப்பதாண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறோம். அந்த விடையைக் கேட்டு நின்ற அளவிற்கு வேறெந்த விடைக்கும் நாம் வாயடைத்து நின்றதில்லை.

பிழை எங்கே இருந்தது? ‘பழைய புத்தகக் கடை’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களை விற்கும் கடையா? புத்தகம் விற்கும் பழைய கடையா? சொற்கள் அவையே, எவ்விரண்டை முதலில் சேர்த்துப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இரண்டு கேள்விக்குறிகள் தொடர்ந்து வரும் கோவைக்கும் இதே நிலை. சி மொழியும் ஜாவாஸ்கிரிப்டும் வலப்புறத்து இணையை முதலில் சேர்த்துப் படிக்கும். நாம் தமிழில் படித்தது போலவே பொருள் கொள்ளும். பி.எச்.பி.யோ இடப்புறத்து இணையை முதலில் சேர்த்துப் படித்து வந்தது. அதன் கண்ணுக்குத் தம்பி எழுதிய வரி தெரிந்த விதம் இது:

($மதிப்பெண் >= 60 ? "முதல்" : $மதிப்பெண் >= 50) ? "இரண்டாம்" : "மூன்றாம்"

78-ஐ இட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் இருப்பது ‘முதல்’ என்னும் சொல்லாக விளையும். அச்சொல் இப்போது அடுத்த கேள்விக்குறிக்கு நிபந்தனையாகிவிடுகிறது. “0” ஒன்றைத் தவிர, வெறுமையல்லாத எழுத்துத் தொடர் மெய் என்பது அம்மொழியின் விதி. ஆகவே ‘இரண்டாம்’ என்று முடிகிறது. ‘முதல்’ என்னும் சொல் கிடைத்த பிறகே அது கீழிறக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். 54-ஐ இட்டால் அடைப்புக்குள் மெய் கிடைத்து ‘இரண்டாம்’ வரும். 38-ஐ இட்டால் பொய் கிடைத்து ‘மூன்றாம்’ வரும். இவ்விரண்டும் சரியான விடைகளே. தம்பியின் சோதனையில் பிழை அகப்படாததன் காரணம் இதுவே. தவறு முழுவதும் உச்சியிலிருந்த பிள்ளைகளின் தலையில் மட்டும் விழுந்தது.

தம்பி இவ்வடிவத்தை ஜாவாஸ்கிரிப்டில் கற்றிருந்தார். அங்கே அது பழுதின்றி இயங்கும். அதே குறிகள் இங்கும் இருக்கக் கண்டு, பொருளும் அதுவே என்று எண்ணிவிட்டார். அவரை நாம் கடியவில்லை. சரி என்று ஒப்பம் தந்தவர் நாமே அல்லவா? நம் பயிலகத்தில் அந்நாளில் இருந்தது 5 வரிசையைச் சேர்ந்த பழைய பதிப்பு. அது எச்சரிக்கை எதனையும் எழுப்பாமல் இருந்துவிட்டது. 2019 இறுதியில் வெளியான 7.4 பதிப்பு, அடைப்பின்றி இவ்வாறு அடுக்கினால் எச்சரிக்கை தரத் தொடங்கிற்று. 2020 இறுதியில் வந்த 8.0 பதிப்பிலிருந்து இத்தகைய வரியைப் பி.எச்.பி. ஏற்க மறுத்து, பிழை என்று கூறி நின்றுவிடுகிறது. ஆயினும் பழைய பதிப்புகளில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைத் திருத்தும் வேலை உங்களில் எவருக்கேனும் நாளை வரலாம், ஆகவே அறிந்திருங்கள்.

திருத்தம் எளிது. இரண்டாவது கோவையை அடைப்புக்குள் இடுவதுதான்:

$வகுப்பு = $மதிப்பெண் >= 60 ? "முதல்" : ($மதிப்பெண் >= 50 ? "இரண்டாம்" : "மூன்றாம்");

இரண்டே குறிகள்! ஆனால் நம் கருத்தைக் கேட்பீராயின், இரண்டுக்கு மேற்பட்ட வழிகள் இருக்குமிடத்தில் இக்கோவையை நாடவே வேண்டா என்போம். பி.எச்.பி. 8.0 பதிப்பில் ‘மேட்ச்’ என்னும் தனிக் கோவையே வந்துவிட்டது. பல வழிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையிட்டு எழுதலாம். கூகுள் நிறுவனத்தில் உருவாகி 2009-இல் வெளியான கோ மொழியை ஆக்கியோர், இக்கோவை விளங்காத சிக்கல் வரிகளை எழுத மிக அடிக்கடி பயன்பட்டு வந்தது என்று கூறி, தம் மொழியில் இதற்கு இடமே தரவில்லை. அவ்வளவு கடுமை வேண்டுமா என்பது நம் ஐயம். இரு வழிக்கு இது நல்ல கருவி. கத்தி கையை வெட்டும் என்பதற்காகச் சமையலறையிலிருந்து அதனை அகற்றிவிடுகிறோமா?

வேறு இரண்டு குழிகளையும் காட்டிவிட்டு முடிப்போம். ஒன்று, எழுத்துத் தொடர்களை இணைக்கும் புள்ளியோடு இக்கோவையைச் சேர்த்து எழுதுவது.

"முடிவு: " . $தேர்ச்சி ? "வெற்றி" : "தோல்வி"

புள்ளி, கேள்விக்குறியைக் காட்டிலும் இறுகப் பிணைக்கும். ஆகவே ‘முடிவு’ என்னும் சொல்லும் தேர்ச்சி மதிப்பும் முதலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது வெறுமையற்ற தொடர் ஆதலின் எப்போதும் மெய்யே. எழுதியவர் அனைவரும் வெற்றி! முன்னது முதல் வகுப்பினரைக் கீழே தள்ளிற்று. இது தோற்றவரையும் மேலே தூக்கிவிடும். இதற்கும் மருந்து அடைப்புக்குறியே. கோவை முழுவதையும் அடைப்புக்குள் இட்டுவிடுங்கள்.

மற்றொன்று, 2009-இல் வந்த 5.3 பதிப்பு அறிமுகம் செய்த குறுவடிவம். நடு உறுப்பை விட்டுவிட்டு எழுதுவது அது:

$மதிப்பெண் ?: "வரவில்லை"

மதிப்பெண் இருந்தால் அதுவே, இல்லையேல் ‘வரவில்லை’ என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் அம்மொழியில் சுழியும் பொய்யாகவே கொள்ளப்படும். தேர்வறைக்கு வந்து, மூன்று மணி நேரம் அமர்ந்து எழுதி, சுழி வாங்கிய பிள்ளையும் ‘வரவில்லை’ ஆகிவிடுவான். வந்து தோற்பதும் வராதிருப்பதும் ஒன்றாகுமா? 2015 இறுதியில் வந்த 7.0 பதிப்பில் இரட்டைக் கேள்விக்குறி ஒன்று சேர்ந்தது:

$மதிப்பெண் ?? "வரவில்லை"

மதிப்பே இல்லாத இடத்தில் மட்டும் இது ‘வரவில்லை’ என்று தரும். சுழியைச் சுழியாகவே விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டிலும் 2020-ஆம் ஆண்டு வரையறையில் இக்குறி இடம்பெற்றது. வேர்ட்பிரஸ் என்னும் பெயர்பெற்ற மென்பொருளின் எழுத்து நெறிகள் குறுவடிவத்தை முற்றிலும் விலக்கியே வைத்துள்ளன. நாமும் நம் பயிலகத்தில் விலக்கிவிட்டோம்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நம் வழக்கத்தில் சிலவற்றை மாற்றினோம். 54-ஐயும் 38-ஐயும் மட்டும் சோதித்து நிறைவு கொள்வதில்லை. நிபந்தனையின் இரு கரைகளிலும் நிற்கும் எண்களை இட்டுப் பார்க்கிறோம்: 60, 59, 50, 49. அவற்றோடு 100, 0, எழுதாத தாள். ஒவ்வொரு வழியிலும் ஒருவரையேனும் நடத்திப் பார்த்த பின்னரே பட்டியல் அச்சேறும். அந்தத் தம்பியே இப்போது இளையவர்களுக்கு இதனைக் கற்பிக்கிறார். தம் 54-இன் கதையைத் தாமே சிரித்துக்கொண்டு கூறுவார்.

பட்டியலின் அடியில் வகுப்பினைத் தீர்மானிக்கும் அந்த ஒரு வரியையும் தமிழிலேயே அச்சிட்டு ஒட்டுகிறோம். எவ்விதியால் தமக்கு இவ்வகுப்பு வந்தது என்று பிள்ளைகள் தம் மதிப்பெண்ணை இட்டுத் தாமே படித்துக்கொள்ளலாம். சென்ற தேர்வின்போது இருவர் அவ்வாறு படித்துவிட்டு நம்மிடம் வந்து வழக்காடினர். ஒருவன் 59-ஐ 60 என்று எண்ணியிருந்தான், விளக்கி அனுப்பினோம். மற்றவளின் வழக்கைக் கேட்டு விடைத்தாளை எடுத்துப் பார்த்தபோது கூட்டலில் நான்கு மதிப்பெண் விடுபட்டிருந்தது. கூட்டியது கணிப்பொறியன்று, நாமே. திருத்திக் கையொப்பமிட்டோம்.